எலிக்குப் பிழிந்த முறுக்கு

போன மாதம் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க ஆபீஸுக்கு வந்தபோது கேன்டீனில் உங்களில் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரே புலம்பல். விலங்குக்கூடப் பதிவேட்டில் கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறது, ‘இன்று மாறியது என்ன?’ என்று. அதில் ‘வழக்கம்போல்’ என்று எழுதினால் அந்தப் பக்கமே செல்லாது. ஒன்றுமே மாறாத நாளிலும் தீவனம் எந்த மூட்டை, தண்ணீர் எந்தத் தொட்டி, உள்ளே வந்து போனவர் யார் என்று நீட்டி முழக்கி எழுத வேண்டும். “அங்கிள், இந்த ரூலப் போட்ட புண்ணியவான் யாரு?” என்று கேட்டீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன்.

அந்தப் புண்ணியவானில் பாதி நான்தான். வாயால் சொன்னால் சிரித்துச் சமாளித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. எலிகளுக்குச் சாப்பாடு போட்டு, கூண்டு மாற்றி, எடை பார்த்து முப்பத்தோரு வருஷம் ஓட்டியவன். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேரில் வலை போட்டவர். எனக்குப் படகில் ஏறினாலே வயிறு கலங்கும். மீன் பிடிக்கத் தெரியாத பிள்ளை எலி பிடிக்கப் போய்விட்டான் என்று மாதா கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். எலியை நாங்கள் பிடிப்பதில்லை, அவை மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வருகின்றன என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். எல்லாரும் டாக்டர் சாப் என்போம். ஒரு நாள் கூண்டு அட்டையில் ‘எலி சோகமாக இருக்கிறது’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் அட்டையை உருவி எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

“சோகமா இருக்குன்னு அது ஒங்கிட்ட சொல்லிச்சா?”

“இல்ல சாப். மூலையிலயே ஒடுங்கிக் கெடக்கு.”

“அப்ப அதை எழுது. மூலையில கெடக்கு, தண்ணி குடிக்கல, முடி சிலுத்திருக்கு. பாத்ததை மட்டும் எழுது. ஒன் மனசுல இருக்கறத வீட்டுக்குப் போயி ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு.”

அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் மறக்கவில்லை. பல வருஷம் பார்த்ததை மட்டும் எழுதினேன். அப்படிப்பட்ட நான்தான் பிறகு, இனிச் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன். அனுபவம் ஏறினால் புத்தியும் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தலைக்கனம்தான் ஏறியது.

இனி சுகந்திக்கு வருகிறேன். உங்களுக்கு அவளைத் தெரியாது. வடக்கே ரங்கத் என்ற ஊரில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆராய்ச்சி மாணவியாக எங்கள் கூடத்துக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. எலியைத் தூக்கும்போது இந்தியில் ஏதோ மந்திரம் மாதிரி முணுமுணுப்பாள். என்னவென்று கேட்டால், “சாரி சொல்றேன் அங்கிள்” என்பாள். அந்த ஒரு பதிலில் நான் விழுந்துவிட்டேன். எனக்குப் பெண் குழந்தை கிடையாது. அதைக் காரணமாகச் சொல்லி என் தப்பைச் சின்னதாக்கப் பார்க்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் ஆராய்ச்சி, ஹார்மோனுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு. பெண் எலிகளின் சினைப்பையை எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் உடம்பில் வெகுவாகக் குறைந்துவிடும். பாதி எலிகளுக்கு அந்த ஹார்மோனை எண்ணெயில் கலந்து ஊசி போடுவாள். மீதிக்கு வெறும் எண்ணெய். பிறகு உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாகச் சில நிமிஷம் நீந்த விடுவோம். சில எலிகள் கடைசிவரை வழி தேடி நீந்தும். சில சீக்கிரமே கைகாலை விட்டுவிட்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மிதக்கும். ஹார்மோன் இல்லாதவை சீக்கிரம் மிதக்கும் என்பது அவள் எதிர்பார்ப்பு. மிதக்கிற எலிக்கு மனச்சோர்வு என்று அவளும் சொன்னதில்லை. டாக்டர் சாப் உயிரோடு இருந்திருந்தால் அவளை ரொம்பப் பிடித்திருக்கும்.

நீந்தி முடித்த எலிகளை நான் துண்டில் பொதிந்து துவட்டுவேன். அவள் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பாள். அப்படி ஒரு நாள்தான், ஏன் இந்தச் சப்ஜெக்டை எடுத்தாய் என்று கேட்டேன்.

“எங்க அக்காவுக்காக அங்கிள்” என்றாள். “டெலிவரிக்கப்புறம் அவ பிள்ளையத் தொடவே இல்ல. குளிக்க மாட்டா, பேச மாட்டா. திமிரு புடிச்சவன்னு மாமியா சொன்னாங்க. எங்கம்மாவே சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு போர்ட் பிளேர் கூட்டிட்டு வந்தோம். ஒரு லேடி டாக்டர் உக்கார வச்சு வெளக்குனாங்க. பிள்ள பொறந்ததும் ஹார்மோன் சட்டுனு எறங்கிரும், சில பேரு ஒடம்பு அதத் தாங்காது, மருந்து இருக்குன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அப்ப இது நான் இல்லையா டாக்டர்னு கேட்டா.”

துவட்டிக்கொண்டிருந்த எலியை நான் ரொம்ப நேரம் துவட்டிவிட்டேன் போலிருக்கிறது. அது கையிலிருந்து நெளிந்து நழுவப் பார்த்தது. மனச்சோர்வுக்கு ஹார்மோன் மட்டுமே காரணம் என்று அந்த டாக்டரும் சொல்லவில்லை, சுகந்தியும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பெண்ணுக்கு ஓர் இடம் கிடைத்ததே, அதுதான் சுகந்தியை இந்தப் படிப்புக்கு இழுத்து வந்தது.

கடைசித் தொகுதி எலிகள் வந்தபோது அவளுக்குக் காலம் நெருங்கிவிட்டது. உதவித்தொகையை ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்திருந்தார்கள். முந்தைய இரண்டு தொகுதிகளும் ஆபரேஷனிலும் கிருமியிலும் வீணாகியிருந்தன. “இந்த பேட்ச் சரியா வரலன்னா ரங்கத் போயி டியூஷன் எடுக்க வேண்டியதுதான் அங்கிள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மழைக்காலம். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கப்பல் பழுது பார்க்கப் போயிருந்தது. அடுத்தது காற்றழுத்தத் தாழ்வால் ரத்து. அதற்கடுத்ததில் எங்கள் மூட்டைகளுக்கு இடமில்லை. விமானத்தில் அனுப்பக் கேட்டோம். ஆஸ்பத்திரி மருந்துக்கே வரிசை என்றார்கள். எலித்தீவன மூட்டை ஒன்றரை மிச்சம். கூடத்தில் பட்டினி போட முடியாது, சோதனையைத் தள்ளவும் முடியாது. ஊசி போட ஆரம்பித்தாகிவிட்டது.

நான் பெரார்கஞ்சுக்கு வண்டியை விட்டேன். அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழைய நண்பரிடம் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கேட்டு வாங்கினேன். போதாததற்கு பஜாரில் சோயா உருண்டைப் பாக்கெட்டுகளை வாரிக்கொண்டு வந்து அரைத்தேன். கருவாட்டுத் தூள், கோதுமை மாவு. எல்லாவற்றையும் பிசைந்து, மிச்சமிருந்த தீவனத்தையும் தூளாக்கிக் கலந்து, என் மனைவியின் முறுக்கு அச்சில் ஒற்றைக் கண் வில்லையைப் போட்டுப் பிழிந்து, நறுக்கி உலர்த்தினேன். கம்பெனித் தீவனத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அவ்வளவு நேர்த்தி.

“எலிக்கு முறுக்குப் பிழியற மொத ஆளு நீங்கதான்” என்றாள் என் மனைவி. “எனக்கு ஒரு நாளாவது மாவு பெசஞ்சு குடுத்திருக்கீங்களா?”

எலிகள் ருசித்துச் சாப்பிட்டன. எடை குறையவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சுகந்தி ஒரு நாள் ஊசி போட வந்தவள், “ஃபீட் வந்துருச்சா அங்கிள்?” என்று கேட்டாள். “எல்லாம் பாத்துக்கிட்டேன், நீ ஒன் வேலையப் பாரு” என்றேன். பயந்த பெண், அவள் தலையில் இதையும் ஏற்றுவானேன் என்று நினைத்தேன். பதிவேட்டில் தீவனம் என்ற இடத்தில் தினமும் ‘வழக்கம்போல்’ என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வழக்கம்போல் வயிறு நிறைந்ததே.

மாதாந்திரக் கூட்டத்தில் பெரிய அதிகாரி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். “கப்பல் வராமலே கூடத்தை நடத்திக் காட்டியவர்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எப்படி நடத்தினாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு நீச்சல் சோதனை. ஹார்மோன் போட்ட எலிகள் நீந்தின. போடாத எலிகளும் அதே மாதிரி நீந்தின. ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. சுகந்தி குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த சில நாளில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வெறும் எண்ணெயும் ஹார்மோன் எண்ணெயும் ஒரே மாதிரிக் குப்பியில் இருக்கும், ஒரே நிறம். நடுவில் ஒரு நாள் வீட்டிலிருந்து போன் வந்து அவசர அவசரமாக ஊசி போட்டாளாம். அன்று குப்பிகளை மாற்றிவிட்டேன், பிறகு அதே தப்பில் தொடர்ந்திருக்கிறேன், இரண்டு கூட்டத்துக்கும் ஹார்மோன் போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது நாளுக்கு நாள் உறுதியானது. சாப்பாட்டை விட்டாள். கேன்டீன் படியில் உட்கார்ந்து எதிரே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் “டீக் ஹை அங்கிள், நல்லாத்தான் இருக்கேன்” என்பாள், எழுந்திருக்க மாட்டாள். எத்தனையோ எலிகள் கண் முன்னால் கைகாலை விட்டதைப் பார்த்தவன் நான். இவளும் கைகாலை விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் படியில் உட்காரத் தொடங்கிய ஒன்பதாம் நாள் கப்பல் வந்தது. மூட்டைகள் வந்தன. கத்தியால் தையலைப் பிரிக்கும்போது, எத்தனையோ தடவை பிரித்த அதே மூட்டையின் மேல், சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்ததை அன்றுதான் படித்தேன். சோயா கலக்காதது என்று போட்டிருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த சுகந்தியிடம் போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். “ஏம்மா, நம்ம மூட்டையில சோயா இல்லன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?”

“நான்தான் அந்த ஃபீட் வேணும்னு கேட்டு வாங்குனேன் அங்கிள்” என்றாள், என்னைப் பார்க்காமல். “சோயாவுல ஈஸ்ட்ரஜன் மாதிரியே ஒண்ணு இருக்கு. அதத் தின்னா, ஹார்மோன் போடாத எலியும் போட்ட எலி மாதிரி நடந்துக்கும். எக்ஸ்பெரிமென்டே போயிரும்.”

“ஓ, அப்படியா” என்றேன். திரும்பி நடந்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சோயா கலந்தது தெரியாமல் செய்த தப்பு. அதற்குப் பிறகு நடந்தது அப்படி அல்ல. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். பதிவேட்டில் என் கையெழுத்தில் மூன்று வாரம் ‘வழக்கம்போல்’ என்று இருக்கிறது. சொன்னால் நெறிமுறைக் குழு வரும், விசாரணை வரும். ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. குலுக்கிய கையை நினைத்துப் பார்த்தேன். அதைவிடக் கூச்சமான ஒன்று, இந்தப் பெண் என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறாள். அது போய்விடுமே என்று இருந்தது. வேறு ஏதாவது சொல்லி அவளைத் தேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இன்னொரு தொகுதி எலி வாங்கித் தர யாரையாவது கெஞ்சலாம், சோயா விஷயம் வெளியே வராமலே முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் அவள் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பதினோராம் நாள் காலை அவள் கையில் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தாள். குப்பிகளை மாற்றிய தவறு தன்னுடையது, ஆராய்ச்சியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. “கைடுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு” என்றாள். “ஒங்க எலிங்கள வேஸ்ட் பண்ணிட்டேன், மாஃப் கர்னா அங்கிள்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து ஸ்டோருக்குள் கூட்டிப்போய் மூட்டையைக் காட்டினேன்.

“இதப் படி.”

“தெரியும் அங்கிள்.”

“நம்ம எலிங்க மூணு வாரமா இதத் திங்கல. நான் செஞ்சு போட்டதத் தின்னுச்சுங்க. அதுல பாதிக்குப் பாதி சோயாதாம்மா.”

அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் முகம் கோணியது. சின்னக் குரலில் கேட்டாள்.

“அப்ப இது நான் இல்லையா அங்கிள்?”

அவள் அக்கா டாக்டரிடம் கேட்ட அதே வார்த்தை. தான் அதைச் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. “இல்லம்மா, நீ இல்ல, நான்தான்” என்றேன். மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஐம்பத்தெட்டு வயசில் எலித்தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நின்று அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள், “எதுல பிழிஞ்சீங்க?” என்று கேட்டாள். முறுக்கு அச்சில் என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதும் அவள் முகத்தில் வேறு ஓர் ஆள் வந்துவிட்டாள்.

“அங்கிள், ஒருவேளை இதுவே ஒரு ரிசல்ட்டா இருக்கலாம். சோயா தின்னதால நீந்துச்சுன்னா அதையே எழுதலாம். ஒரு நாளைக்கு எவ்ளோ சோயா? என்னைக்கு ஆரம்பிச்சீங்க? எல்லாக் கூண்டுக்கும் ஒரே அளவா?”

“கையளவுதாம்மா. கெடச்சதப் பொறுத்து. ஒரு நாள் புண்ணாக்கு, ஒரு நாள் உருண்டை.”

“ரெஜிஸ்டர்ல இருக்குமே?”

அவளே போய் எடுத்து விரித்தாள். வழக்கம்போல். வழக்கம்போல். வழக்கம்போல். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். கடைசி வரி வந்ததும் பதிவேட்டை மெதுவாக மூடினாள். என் முப்பத்தோரு வருஷத்தில் யாரும் என்னை அவ்வளவு கடுமையாகத் திட்டியதில்லை.

அந்த எலிகள் வீணானது சோயாவைப் போட்டதால் அல்ல. போட்டதை எழுதாததால் வீணாயின. அளவு தெரிந்திருந்தால் அவற்றின் உயிருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். என் கையெழுத்து அதையும் தின்றுவிட்டது. டாக்டர் சாப் சொன்னாரே, பார்த்ததை எழுது என்று. மூன்று வாரம் என் கையால் பிழிந்ததை நானே பார்க்கவில்லை.

அன்றே குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. கை குலுக்கியவர் இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுகந்தியின் கைடு என்னைப் பத்து நிமிஷம் வறுத்தெடுத்தார். பிறகு என் கடிதத்தையே ஆதாரமாக வைத்து மேலே சண்டை போட்டு அவளுக்கு ஒரு வருஷம் வாங்கினார். தப்பு மாணவியுடையது அல்ல என்று எழுத்தில் இருந்ததால்தான் அது கிடைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். புதுத் தொகுதி வந்தது. இந்த முறை வித்தியாசம் தெரிந்தது. அவள் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. அவள் எலிகளிடம் சாரி சொல்வதை மட்டும் விடவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு அவள் அக்கா ரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மகளோடு வந்திருந்தார். நல்ல பச்சைப் புடவை, ஓயாத பேச்சு. என்னைப் பார்த்ததும், “நீங்கதானே முறுக்கு அங்கிள்?” என்றார். என் மனைவி ஒரு டப்பா நிறைய நிஜ முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள், புது அச்சில் பிழிந்தது. பழைய அச்சை, நான் எலிக்குப் பிழிந்த அன்றைக்கே, எனக்குத் தானம் செய்துவிட்டாள். அந்தச் சின்னப் பெண் ஒரு முறுக்கை அம்மா வாயில் ஊட்டிவிட்டது. அவர் மென்றுகொண்டே அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தூக்கும் வயசைத் தாண்டிய பிள்ளை, கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் திட்டுகிற அந்தக் கட்டத்தை, பதிவேட்டை மூடிய அதே நாள் மதியம், சுகந்திதான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு உண்டாக்கினாள். ‘வழக்கம்போல்’ செல்லாது என்ற விதி நான் போட்டது. புண்ணியவானின் மறு பாதி இப்போது தெரிந்திருக்கும். அவள் இப்போது மெயின்லேண்டில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவளுடைய மாணவர்களும் இப்படித்தான் புலம்புகிறார்களாம்.

அவள் பதினோரு நாள், தன்னுடையது அல்லாத ஒரு தப்பைச் சுமந்துகொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். முதல் ஒன்பது நாள் எனக்குத் தெரியாது. அதற்கு நான் வருத்தப்படுகிறேன். கடைசி இரண்டு நாள் எனக்குத் தெரியும். அவள் என்னை எப்போதோ மன்னித்துவிட்டாள், கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் செய்கிறாள். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அந்தக் கட்டத்தை நிரப்ப உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகும். எனக்கு இரண்டு நாள் ஆனது.